இரிடியம் ஸ்பார்க் பிளக் மாட்டினால் பைக் பறக்குமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

காலை 8.30 மணி. ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம். செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'கிர்ர்... கிர்ர்...' என்கிறதே தவிர, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டால், பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிளக் போயிடுச்சு தம்பி. சாதா பிளக் போடவா, இரிடியம் போடவா? இரிடியம்னா பிக்கப் சும்மா அள்ளும், ரொம்ப நாளும் வரும்" என்கிறார். விலையோ பல மடங்கு அதிகம். என்ன செய்யலாம்?

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நம் பணம் வீணாகிறது.

பிளக் ஏன் தேய்கிறது?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைப்பதுதான் பிளக்கின் வேலை. நடுவில் ஒரு மின்முனை, அதன் எதிரே வளைந்து நிற்கும் இன்னொரு மின்முனை. பெரும்பாலான பைக்குகளில் இரண்டுக்கும் இடையே 1 மி.மீ.க்கும் குறைவான இடைவெளிதான். இக்னிஷன் காயில் அனுப்பும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் இந்த இடைவெளியைத் தாண்டும்போது தீப்பொறி உண்டாகிறது.

4 ஸ்ட்ரோக் இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால், நிமிடத்துக்கு 2,500 முறை கலவையைப் பற்றவைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 1.5 லட்சம் முறை! ஒவ்வொரு பொறியும் மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. இடைவெளி கூடக் கூட, பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். ஸ்டார்ட்டிங் டிரபிள், மிஸ்ஃபயர், மைலேஜ் குறைவு எல்லாம் அப்போதுதான் வரும். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும். அது பெரிய செலவு.

இரிடியத்தில் என்ன ஸ்பெஷல்?

சாதா பிளக்கின் நடு மின்முனை நிக்கல் கலவையால் ஆனது. தடிமன் சுமார் 2.5 மி.மீ. உள்ளே செம்பு இருப்பதால் கடைகளில் இதை 'காப்பர் பிளக்' என்றும் சொல்வார்கள்.

நிக்கலின் உருகுநிலை 1,455 டிகிரி செல்சியஸ். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி. இரிடியத்துக்கு 2,446 டிகிரி. அவ்வளவு உறுதியான உலோகம் என்பதால், முனையை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை ஊசி போல மெல்லிதாகச் செய்ய முடியும். மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். குளிர்ந்த இன்ஜின் சட்டென ஸ்டார்ட் ஆவதற்கும், ஐடிலிங் சீராக இருப்பதற்கும் இது உதவும்.

அப்போ பவர் கூடுமா?

நல்ல நிலையில் இருக்கும், எதுவும் மாற்றாத பைக்கில் சொல்லிக்கொள்ளும்படி கூடாது. சாதா பிளக்கே கலவையைச் சரியாகப் பற்றவைத்துவிடும்போது, பிளக்கை மட்டும் மாற்றினால் கூடுதல் பவர் எங்கிருந்து வரும்? தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டதும் 'வண்டியே மாறிடுச்சு' என்று தோன்றும். புது சாதா பிளக் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆயுள் கூடுமா? இங்கேதான் ட்விஸ்ட்!

இரிடியம் பிளக்குகளில் இரண்டு வகை உண்டு. பெர்ஃபாமன்ஸுக்காக விற்கப்படும் பலவற்றில் நடு முனை மட்டும்தான் இரிடியம். எதிரே இருக்கும் மின்முனை வழக்கமான நிக்கல். நடு முனை தேயாவிட்டாலும் எதிர்முனை தேயும், இடைவெளி கூடும். ஆகவே விலைக்கு ஏற்ற ஆயுளை எதிர்பார்க்க முடியாது. 'லாங் லைஃப்' வகையில் எதிர்முனையிலும் பிளாட்டினம் போன்ற உலோகத் துண்டு பதிக்கப்பட்டிருக்கும். நீண்ட நாள் உழைப்பது இதுதான். அட்டையில் 'இரிடியம்' என்று இருந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்று பார்த்து வாங்குங்க.

நம்பர் ரொம்ப முக்கியம்

உலோகத்தைவிட முக்கியமானது 'ஹீட் ரேஞ்ச்'. பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, பிஸ்டனே சேதமாகலாம்.

உதாரணமாக, என்.ஜி.கே.வின் சி.பி.ஆர்.8.இ.ஏ-9 என்ற பிளக்கில் 8 என்பது ஹீட் ரேஞ்ச். கடைசியில் வரும் 9 என்பது 0.9 மி.மீ. இடைவெளி. என்.ஜி.கே.வில் எண் கூடினால் அது 'கோல்டு' பிளக். போஷ் நிறுவனத்தில் நேர் தலைகீழ். எனவே எண்ணை மட்டும் பார்த்து பிராண்டு மாற்றாதீங்க. ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன பிளக், அல்லது அதற்கு இணையானது என்று தயாரிப்பாளர் பட்டியலில் இருப்பதுதான் பாதுகாப்பு.

உங்களுக்கு எது செட் ஆகும்?

தினமும் 30 கி.மீ., மாதம் 25 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 9,000 கி.மீ. பல கம்யூட்டர் பைக்குகளுக்கு இது வருடம் ஒரு சாதா பிளக் கணக்கு. இரிடியத்தின் விலை நான்கு மடங்கு, ஆயுள் இரண்டு மடங்கு என்றால், கிலோமீட்டருக்கு ஆகும் செலவு இரட்டிப்பு. நஷ்டம்தானே?

* சிட்டிக்குள் ஓட்டும் 100-125 சிசி பைக்: சாதா பிளக், சரியான நேரத்தில் மாற்றினால் போதும்.
* டேங்கைக் கழற்றித்தான் பிளக்கைத் தொட முடியும், அல்லது பல்சர் 200 என்.எஸ். போல மூன்று பிளக் உள்ள வண்டி: லாங் லைஃப் வகையால் லேபர் செலவும் அலைச்சலும் மிச்சம்.
* கம்பெனியே இரிடியம் பொருத்திக் கொடுத்த பைக்: அதையே போடுங்க. காசை மிச்சம் பிடிக்க சாதா பிளக்குக்கு இறங்க வேண்டாம்.

மாற்றும்போது கவனிங்க

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புது பிளக்கை முதலில் கையால் திருகுங்கள், கடைசியில் மட்டும் ஸ்பேனர். அளவுக்கு மீறி முறுக்கினால் சிலிண்டர் ஹெட்டின் மரை போய்விடும். இரிடியம் முனையை உப்புத்தாள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியும் முன் அதன் நிறத்தையும் பாருங்க. இளம்பழுப்பு என்றால் இன்ஜின் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது. எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீலில் கோளாறு இருக்கலாம். இந்தப் பிரச்னைகளை எந்த இரிடியம் பிளக்கும் தீர்க்காது.