மொட்டை மாடியே மின் நிலையம்!

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்தே சுமார் 490 சதுர கிலோமீட்டர்தான். பெரிய சூரிய மின் பூங்காவுக்கு இடம் எங்கே? காரைக்காலில் எரிவாயு மின் நிலையம் ஒன்று உண்டு. மற்றபடி, பெரும்பாலான மின்சாரத்தை வெளியிலிருந்துதான் வாங்குகிறோம். புகையில்லாமல் நாமே மின்சாரம் தயாரிக்க நம்மிடம் உள்ள இடம், நம்ம வீட்டு மொட்டை மாடி!

நிழல் விழாத சுமார் 100 சதுர அடியில் 1 கிலோவாட் பேனல் வைக்கலாம். நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். மிஞ்சுவது நெட் மீட்டர் வழியாக மின்துறைக்குப் போகும், பில்லில் கழியும்.

பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம்: 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட், அதற்கு மேல் ரூ.78,000.

போனிலேயே விண்ணப்பிக்கலாம்:

1. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.
2. அங்குள்ள பட்டியலிலிருந்தே நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.
3. நெட் மீட்டர் பொருத்தியதும் வங்கி விவரம் பதிவிடுங்கள். மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும்.

இந்தியாவில் தயாரான பேனலா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மானியம் கிடைக்காது. "மானியம் ரெடி, ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால், சொல்லாதீங்க!