பாய்ச்சலில் நின்ற தேவன்

மறுமலர்ச்சிக் கால வெனிஸ் நகரின் தலைசிறந்த ஓவியர் டிஷியன், 1520க்கும் 1523க்கும் இடையில் தீட்டியது ‘பாக்கஸும் அரியட்னியும்’. ஏறத்தாழ 176 சென்டிமீட்டர் உயரமும் 191 சென்டிமீட்டர் அகலமும் உள்ள எண்ணெய் வண்ண ஓவியம். இத்தாலியின் ஃபெராரா நாட்டுப் பிரபு அல்ஃபோன்சோ தெஸ்தே, தம் கோட்டையில் இருந்த தனியறைக்காகத் தொன்மக் கதை ஓவியங்களை வரவழைத்தார். பாக்கஸ் பற்றிய ஓவியத்துக்கு முதலில் அவர் நாடியது ரஃபேலை. 1520இல் ரஃபேல் இறந்துவிடவே, வேலை டிஷியனிடம் வந்தது.

கதை கிரேக்கத் தொன்மத்தைச் சேர்ந்தது. ரோமானியக் கவிஞர்கள் கட்டுல்லஸும் ஓவிடும் அதைப் பாடியிருக்கிறார்கள். கிரீட் தீவின் இளவரசி அரியட்னி, காளைத்தலை அரக்கனைக் கொல்ல வந்த தீசியஸுக்கு நூலுருண்டை கொடுத்து, சிக்கலான சுரங்க மாளிகையிலிருந்து அவன் மீள வழிசெய்தவள். அவனோ அவளை நாக்சஸ் தீவில் தூங்கவிட்டுக் கப்பலேறிவிட்டான். அப்போது மதுவின் தேவனான பாக்கஸ் தன் கூட்டத்தோடு அங்கே வருகிறான். கண்டதும் காதல் கொள்கிறான்.

நீண்ட இந்தக் கதையில் டிஷியன் எடுத்துக்கொண்டது ஒரு நொடியை மட்டும். இரண்டு சிவிங்கிகள் இழுத்துவந்த தேரிலிருந்து பாக்கஸ் குதிக்கிறான். உடல் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. இளஞ்சிவப்பு மேலாடை பின்னால் பறக்கிறது. இடது ஓரத்தில் அரியட்னி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். தொலைவில் தீசியஸின் கப்பல் சிறிதாகத் தெரிகிறது. அவள் உடலில் பாதி கடலை நோக்கி இருக்க, முகம் மட்டும் பாக்கஸ் பக்கம் திரும்பிவிட்டது. கைவிட்டுப் போனவனும் கைப்பிடிக்க வந்தவனும் அந்த ஒரு திருப்பத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஓவியத்தின் உயிர் அவள் முகத்தைவிட அந்த முதுகில்தான் இருக்கிறது எனலாம்.

கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு மனத்தளவில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் ஓவியத்தின் கட்டமைப்பு விளங்கும். கோட்டுக்கு மேலே வானமும் கடலும். எல்லாம் நீலம், அமைதி. கீழே மரங்களின் பச்சையும் மண்ணின் பழுப்பும். அங்கே ஒரே ஆரவாரம். ஒருவன் கன்றின் காலை வீசிக் காட்டுகிறான். ஒருத்தி தாளம் தட்டுகிறாள். கழுதை மேல் பாக்கஸின் வயதான தோழர் சைலீனஸ் குடிமயக்கத்தில் சாய்ந்து கிடக்கிறார். முன்னால் பாம்புகளை உடலில் சுற்றிக்கொண்ட தாடிக்காரனைப் பார்க்கும்போது, 1506இல் ரோம் நகரில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட, பாம்புகளோடு போராடும் லாவோகூன் சிலை நினைவுக்கு வரும். இந்தச் சந்தடிக்கும் அந்த அமைதிக்கும் நடுவிலுள்ள எல்லையைத் தாண்டுவது பாக்கஸின் பாய்ச்சல். அதனால்தான் இத்தனை பேர் இருந்தும் பார்வை அவனிடமே போய் நிற்கிறது. தாளம் தட்டும் பெண்ணின் நிலையும் அரியட்னியின் நிலையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல அமைந்திருப்பது தற்செயல் அல்ல. கூட்டத்தில் ஒரேயொரு ஆட்டுக்கால் சிறுவன் மட்டும் கதையைக் கவனிக்காமல் ஓவியத்தைப் பார்ப்பவரையே பார்க்கிறான். கன்றின் தலையை அவன் கயிற்றில் கட்டி இழுத்துவருவது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கஸின் கூட்டம் நாகரிகமானது என்று எந்தக் கவிஞரும் சொல்லவில்லை.

அரியட்னியின் தலைக்கு மேலே, பட்டப்பகல் வானத்தில் நட்சத்திரங்கள் வட்டமாக மின்னுகின்றன. பின்னாளில் அவளுடைய மகுடம் விண்மீன் கூட்டமாக மாறும் என்பது கதை. இனி நடக்கப்போவதையும் அதே வானத்தில் வைத்துவிட்டார் டிஷியன்.

நிறங்களும் இந்த அமைப்புக்கு வேலை செய்கின்றன. வானத்துக்கும் அரியட்னியின் ஆடைக்கும் பயன்பட்ட ஆழ்ந்த நீலம், ஆப்கானிஸ்தானில் கிடைக்கும் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்தது. அந்தக் காலத்து நிறங்களில் மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்று. வண்ணப் பொருள்கள் கப்பலில் வந்து இறங்கிய வெனிஸில் வாழ்ந்த ஓவியருக்கு அது கைக்கெட்டியது, செலவு பிரபுவுடையது. அவள் தோளில் ஒரு சிவப்புத் துணி நெளிவதால் நீலத்துக்குள் அவள் கரைந்துபோவதில்லை.

1598இல் ஃபெராரா போப்பாண்டவர் ஆட்சிக்குள் வந்தபோது ஓவியம் ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டது. சுருட்டி எடுத்துச் சென்றதால் வண்ணம் பல இடங்களில் உதிர்ந்தது. 1826இல் லண்டன் நேஷனல் கேலரி அதை வாங்கியது. 1960களின் இறுதியில் பழுத்துப்போன வார்னிஷை நீக்கிச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்ட பளிச்சென்ற நீலம் பலருக்குப் பிடிக்கவில்லை. பழைய மங்கலான தோற்றமே டிஷியன் என்று பழகியிருந்தார்கள். ஓவியம் இன்றும் அந்தக் கேலரிக்கே சொந்தம்; அங்குள்ள நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை.