எவரெஸ்ட் தரும் சம்பளம்

1953இல் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். அதன்பின் உருளைக்கிழங்கு பயிரிட்டு, யாக் மேய்த்துவந்த நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கு ஷெர்பாக்கள் பலருக்கு மலையேற்றமே பிழைப்பானது.

தாமே கிராமத்தில் பிறந்த காமி ரீட்டா ஷெர்பா 1994இல் முதன்முறை உச்சியை அடைந்தார். 2025 மே மாதம் 31ஆவது முறை ஏறி, தன் உலக சாதனையைத் தானே முறியடித்தார். அவருக்கு அது தொழில்.

இரண்டு மூன்று மாதம் நீளும் ஒரு பருவத்தில், அனுபவமுள்ள வழிகாட்டி சில ஆயிரம் டாலர் ஈட்டுகிறார். நேபாளத்தில் பலருக்கு ஆண்டு முழுதும் உழைத்தாலும் கிடைக்காத தொகை இது. உச்சியைத் தொட்டால் தனி ஊக்கத்தொகையும் உண்டு.

ஆனால் எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனியருவியில் ஏணி கட்டுவதும், கயிறு பொருத்துவதும், ஆக்சிஜன் உருளைகளைச் சுமப்பதும் ஷெர்பாக்கள்தான். வாடிக்கையாளர் சில தடவை கடக்கும் அந்த ஆபத்தான இடத்தை அவர்கள் திரும்பத் திரும்பக் கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவில் 16 பேர் இறந்தனர். அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். கொதித்துப்போன ஷெர்பாக்கள் மலையேற மறுத்தனர். அதன் பிறகே கட்டாய ஆயுள் காப்பீடு 10 லட்சம் ரூபாயிலிருந்து 15 லட்சமானது. நியாயமான அந்தக் கோபம் இல்லாமல் இது நடந்திருக்காது.

காப்பீடு தவிர, பயிற்சியும் உண்டு. போர்ட்சே கிராமத்தில் இயங்கும் கும்பு மலையேற்றப் பயிற்சி மையம், உள்ளூர் இளைஞர்களுக்குக் கயிற்று நுட்பமும் மீட்புப் பணியும் கற்றுத்தருகிறது. சர்வதேச மலை வழிகாட்டி உரிமம் வரை முன்னேறுபவர் வெளிநாட்டு மலைகளிலும் வேலை தேடலாம்.