பனிச்சறுக்கு நாட்கணக்கு

குளிர்நாட்டு மலைச்சரிவுகளிற் பனிச்சறுக்கு விளையாடுவோர், ஒவ்வொரு பருவத்திலும் தாம் சறுக்கிய நாட்களை எண்ணிக் குறித்து வருவர். இவ்வழக்கத்தை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

பருவச்சீட்டின் விலையை நாட்டொகையால் வகுப்பின் ஒரு நாட்செலவு புலனாகும். ஒருமுறை சறுக்கினும் அது ஒரு நாளே என்பர் சிலர். அரைநாளேனும் வேண்டும் என்பர் வேறு சிலர். முன்னர்க் குறிப்பேட்டில் எழுதியதை இன்று கைத்தொலைபேசியே பதிந்துவிடுகின்றது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தவரான றெயினர் ஹேர்ட்றிச், 2003 நவம்பர் தொடக்கம் 2,993 நாட்கள் இடையறாது சறுக்கினார். கோடையிற் பனி தேடித் தென்னமெரிக்காவுக்குஞ் சென்றார். 2012 சனவரியில், 3,000 ஐ எட்ட 7 நாட்களே எஞ்சியிருக்க, இதயநோய் காரணமாக நிறுத்தினார்.

எண்ணிக்கை முயற்சிக்குத் தூண்டுகோல்; முயற்சியின் பயனோ உடலும் உள்ளமும் நலம்பெறுதல். விடவேண்டிய வேளையில் அக்கோலை விட்டமைக்காகவே அவரை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.