கிடைமரத்தைத் தாங்கும் கயிறு



காற்றின் துணைகொண்டு நெடுங்கடலிற் செல்லும் சிறு பாய்க்கலங்களைப் படங்களிலேனும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பெரிய பாய் முக்கோண வடிவமானது. அதன் முன்விளிம்பு பாய்மரத்தோடு பொருந்தியிருக்கும். அடிவிளிம்பின் கீழே, பாய்மரத்திலிருந்து பின்னோக்கிக் கிடையாக நீளும் வேறொரு மரம் உண்டு. மாலுமிகள் இதனைப் ‘பூம்’ என்பர். நாம் கிடைமரம் என்போம். கதவு கீலிலே திரும்புவதுபோல இம்மரமும் பாய்மரத்திற் பொருத்திய கீலிலே பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக அசையும். கலத்தைச் செலுத்துவோர் பெரும்பாலும் இதன் பின்முனைக்கு அண்மையிலேயே அமர்ந்திருப்பர். ஆதலின், இம்மரத்தைத் தாங்கி நிற்பது யாது என்னும் வினா, அங்கிருப்போரின் உயிரைப் பற்றிய வினாவுமாகும்.

பாய் விரிந்து நிற்கையில் மரத்தின் பின்முனையைத் தாங்குவது பாயேயாகும். பாயை இறக்கத் தொடங்கியதும் அத்தாங்கல் அற்றுப்போகின்றது. ஓர் உலக்கையை ஒரு நுனியிற் பிடித்துக் கிடையாக நிறுத்திப் பாருங்கள். கை விரைவிற் சோர்ந்துவிடும். மறு நுனியை ஒரு கயிற்றாற் கட்டித் தூக்கினாலோ சிறு பலமே போதும். இவ்வுண்மையைக் கொண்டே, பாய்மரத்தின் உச்சியிலிருந்து கிடைமரத்தின் பின்முனைக்கு ஒரு கயிறு கட்டுகின்றனர். ஆங்கிலத்தில் இது ‘டொப்பிங் லிப்ட்’ எனப்படும். தூக்குக் கயிறு என்பது இதற்குத் தகும்.

இக்கயிற்றை எவ்வளவு இறுக்குவது? இறுக்கம் மிகுந்தால் மரத்தின் பாரம் பாயினின்று நீங்கிக் கயிற்றிலே தங்கும். பாயின் பின்விளிம்பு தளர்ந்து பை போலத் தொங்கும். கலமும் காற்றை எதிர்த்துச் செல்லும் திறனை இழக்கும். தளர்ச்சி மிகுந்தால் கயிறு ஓயாது பாயில் அடித்து அதன் தையலைத் தேய்க்கும். எனவே, காற்றுக் குறைந்த நாளொன்றிலே துறைமுகத்திற் கலம் நிற்கும்போதே அளவைக் கண்டுகொள்ளல் வேண்டும். பாயை முழுதும் ஏற்றிக் கிடைமரத்தை நடுவே இழுத்து நிறுத்துக. தூக்குக் கயிறு பாரம் ஏற்காது சற்றே தளர்ந்து நிற்கும் நிலையைக் கண்டு, அவ்விடத்தில் நிற நூலால் ஓர் அடையாளம் இடுக. பின்னர், மரம் நிற்பவர் தலைக்கு மேல் உயரும்வரை கயிற்றை இழுத்து, அங்கே இரண்டாம் அடையாளம் இடுக. முதலாவது கலம் ஓடும்போது வேண்டியது. இரண்டாவது பாயை இறக்கும்போது வேண்டியது. இருளிலும் மழையிலும் இவ்விரு அடையாளங்களும் கைக்கு வழிகாட்டும்.

இனி, வேலையின் ஒழுங்கைக் கவனிப்போம். மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். முதலில் தாமானைச் சிறிது தளர்த்துக. இன்றேல் மரம் மேலெழாது. அடுத்துத் தூக்குக் கயிற்றை இரண்டாம் அடையாளம்வரை இழுத்துக் கட்டுக. அதன் பின்னரே ஆஞ்சானை விடுக. பாய் இறங்கியதும் தாமானை மீண்டும் இறுக்குக. மேலிருந்து ஒரு கயிறும் கீழிருந்து ஒரு கயிறும் பற்றி நிற்பதால் மரம் ஆடாது. பலத்த காற்றிற் பாயைச் சுருக்கும்போதும் தூக்குக் கயிறே முதலிற் பாரம் ஏற்றல் வேண்டும்; சுருக்கிய பாயை மீண்டும் இறுக ஏற்றிய பின்பே அதனைத் தளர்த்தலாம்.

வேறு தாங்கல்களும் உள. சில கலங்களிற் பின்புறத்திலே இரு கால்களின்மேல் ஒரு குறுக்குச் சட்டம் அமைத்து, அதிற் பள்ளங்கள் வெட்டித் தோல் பதித்திருப்பர். பாய் இறங்கியதும் மரத்தை அப்பள்ளத்தில் இறக்கிக் கட்டிவிட்டால் அது அசைவற்றுக் கிடக்கும். இக்காலக் கலங்கள் பலவற்றில், பாய்மரத்தின் அடியிலிருந்து கிடைமரத்தின் கீழ்ப்புறத்திற்குச் சாய்வாக ஒரு குழாய் பொருத்தப்படுகின்றது. அதனுள் இருக்கும் சுருள்வில்லோ அடைபட்ட வாயுவோ மரத்தை மேல்நோக்கித் தள்ளும். வில்லின் பலம், மடித்த பாயின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். எனினும் குழாய் கீலுக்கு அண்மையில் நிற்பதால், மரத்தின் பின்முனையில் ஒருவர் சாய்ந்தாலும் அதன்மேற் பெரும் பளு ஏறும். ஆகவே குழாய் உள்ள கலங்களிலும் தூக்குக் கயிற்றை விடாது வைத்திருப்போர் பலர். ஆஞ்சான் அறுந்தால் அதற்கு மாற்றாகவும் அது உதவும்.

இவ்வளவு கவனம் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். பிரான்சு நாட்டு மாலுமி எரிக் தபர்லி, அத்திலாந்திக் கடலைத் தனியே கடக்கும் புகழ்பெற்ற போட்டியில் 1964 ஆம் ஆண்டிலும் 1976 ஆம் ஆண்டிலும் வெற்றி பெற்றவர். 1998 ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில், வேல்சுக் கரைக்கு அப்பால், ‘பென் டுயிக்’ என்னும் தம் பழங்கலத்திலே பாயைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் மரம் அவரை மோதிக் கடலில் வீழ்த்தியது. அவர் உயிருடன் மீளவில்லை. அது கிடைமரமன்று, மேல்மரம். ஆயினும் கட்டுத் தளர்ந்த மரம் எதுவும் ஆளின் அனுபவத்தைப் பார்ப்பதில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் தூக்குக் கயிற்றை இறக்கி, உச்சிக் கப்பியில் உராயும் பகுதி தேய்ந்துள்ளதா என்று விரலால் தடவிப் பார்த்தல் நன்று. பாய் விரிந்து ஓடும்போது அக்கயிறு வேலையின்றித் தொங்குவதாகவே தோன்றும். பாய் தன் பாரத்தை இறக்கும் வேளையில் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியது அதுவே. முதலில் தாங்கு, பின்னர் இறக்கு என்னும் ஒழுங்கை மறவாதவரே கலத்தில் உள்ளோரைக் காக்கின்றார்.