தரகரின் கூலி எதற்கு?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றனர் நம் முன்னோர். இக்காலத்திலோ, வீடு கட்டுவதற்கு முன்பே மனை வாங்குவது பெருஞ்சோதனையாகிவிட்டது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே, ஏரியும் வயலுமாக விளங்கிய பாரிவாக்கத்தைப் பாருங்கள். நெல் விளைந்த நிலங்களில் மனைக்கற்கள் நிற்கின்றன. விடுமுறை நாள்களில் மனை பார்க்க வரும் குடும்பங்களும், அவர்களை அழைத்துவரும் தரகர்களும் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சியாகிவிட்டனர்.

"இடத்தைக் காட்டியதற்கா நூற்றுக்கு இரண்டு?" என்று பலர் மனம் வெதும்புவதுண்டு. முப்பது இலட்ச ரூபாய் மனைக்கு அறுபதாயிரம் ரூபாய்! வழிகாட்டியதற்கு மட்டுமே எனில் அது மிகையே. ஆயினும் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தம் பணிக்கொடையை எடுத்துக்கொண்டு முன்பணம் கொடுக்கச் சென்றார். பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. உடன் சென்ற தரகர் விற்பவரிடம், "ஐயா, இது தங்கள் தகப்பனார் சொத்துதானே? உடன்பிறந்தோர் எத்தனை பேர்?" என்று வினவினார். மணமாகிச் சென்ற சகோதரிகள் இருவர் உள்ளனர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவர்கள் கையொப்பமிட மறுத்துவிட்டனர். தரகர் அன்று தம் கூலியை இழந்தார். அக்குடும்பமோ தன் வாழ்நாள் சேமிப்பை இழவாமல் தப்பியது.

விற்க வந்தவரும் நம்மவரே. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மனைவி மக்களை விட்டு, உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது; எஞ்சியது மக்கள் அனைவருக்கும் சமபங்கு. மகன், மகள் என்ற வேற்றுமை அங்கில்லை. சீர் செய்து அனுப்பிவிட்டதால் மகளின் உரிமை மறைந்துவிடுவதில்லை. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பங்கு கேட்க உரிமையுள்ள சகோதரியை அது காட்டாது.

முற்காலத்தில், பிறர் அறியாததைத் தாம் அறிந்திருப்பதே தரகரின் மூலதனம். இன்றோ பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலே காணலாம். வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறையின் தளம் காட்டுகிறது. பழைய செயற்கைக்கோள் படங்களைக் கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்து, இன்று மேடாகத் தெரியும் இடம் முன்பு நீர் நின்ற தாழ்வா என்று ஆராயலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிகளுக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தரகர் எதற்கு? மருந்துக்கடை திறந்திருப்பதால் மருத்துவர் தேவையற்றவர் ஆகிவிடுவாரா? ஏட்டைப் பெறுவது எளிது. அதைப் படித்துப் பொருள் காண்பதே அரிது. புலப்படத்தின் அளவு தரையில் உள்ள அளவோடு ஒத்திருக்கிறதா? அ-பதிவேட்டில் அந்நிலம் நீர்நிலை என்றோ புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்டுள்ளதா? மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா? பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி ஒருவர் விற்க முன்வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? இவற்றைத் தேடித் தெளிந்து சொல்பவரே கூலிக்குரியவர். அத்தகையவரும், "வழக்கறிஞரிடம் காட்டிய பின் முன்பணம் கொடுங்கள்" என்றே கூறுவார்.

சட்டமும் இத்தொழிலுக்கு வரம்பு வகுத்துள்ளது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவுக்குரிய மனைப்பிரிவுகளையும் அடுக்ககங்களையும் விற்றுத்தரும் முகவர், தாமும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுசெய்திருத்தல் வேண்டும். பொய்யான உறுதிமொழி கூறுதல் அவருக்கு விலக்கப்பட்டது. ஆகவே பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். அதனை ஆணையத்தின் இணையதளத்திலே சரிபார்த்தும் கொள்ளுங்கள்.

குடும்பத் தலைவர்களே! "இன்றே முன்பணம் கொடாவிடில் மனை கைநழுவும்" என அவசரப்படுத்துபவர் உங்கள் நலம் நாடுபவர் அல்லர். "சற்றுப் பொறுங்கள், இன்னொரு ஏட்டையும் பார்த்துவிடுவோம்" என்று சொல்பவர் கிடைத்தால், அவருக்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அது மனையைக் காட்டியதற்கான கூலியன்று. உங்கள் பிள்ளைகளை நீதிமன்றப் படிகளிலிருந்து காத்ததற்கான கூலி.