மலையேறும் மின்சார காருக்குச் சந்தா வேண்டுமா?

மின்சார கார் வைத்திருப்பவரின் போனில் சார்ஜிங் ஆப் ஒன்றோடு நிற்பதில்லை. டாடா பவர், ஸ்டாட்டிக், சார்ஜ் ஜோன், கோவை நிறுவனமான ஸியான் என்று நாலைந்து சேர்ந்துவிடும். அவற்றில் ஏதாவது ஒன்று என்றைக்காவது ஒரு திட்டத்தை நீட்டும்: மாதம் இவ்வளவு கட்டுங்கள், யூனிட்டுக்கு இவ்வளவு குறைக்கிறோம். கோடை விடுமுறைக்குக் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் போகலாம் என்று இருப்பவருக்கு அது கொஞ்சம் ஆசை காட்டும். மலைப்பாதை, ஏற்றம், நடுவில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து, கட்டிவைத்தால் என்ன என்று தோன்றும்.

கட்டுவதற்கு முன் ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போடுங்கள். மாதச் சந்தாவை, யூனிட்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடியால் வகுத்தால் வருவதுதான் முதல் திரும்பும் அளவு. சந்தா 199 ரூபாய், தள்ளுபடி யூனிட்டுக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது யூனிட். அந்த மாதத்தில், அந்த நிறுவனத்தின் சார்ஜரில் மட்டும், ஐம்பது யூனிட்டுக்கு மேல் ஏற்றினால்தான் லாபம் தொடங்குகிறது. 'அந்த நிறுவனத்தின் சார்ஜரில் மட்டும்' என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஆப்பில் கூட்டாளி நிறுவனங்களின் சார்ஜர்களும் தெரியும். தள்ளுபடி அங்கே செல்லுமா என்பது வேறு விஷயம்.

வகுக்கும்போது ஜிஎஸ்டியையும் கவனியுங்கள். மின்சார வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. அதனால் சார்ஜர் நடத்த மின் விநியோக உரிமம் தேவையில்லாமல் போனது; கூடவே பொதுச் சார்ஜரின் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறுகிறது. 18 ரூபாய் என்று திரையில் தெரியும் யூனிட், வரியோடு 21 ரூபாய் 24 காசு. சந்தாவுக்கும் வரி உண்டு. இரண்டையும் வரியோடு எடுங்கள், அல்லது இரண்டையும் வரியில்லாமல் எடுங்கள். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் எடுத்தால் கணக்கு பொய் சொல்லும்.

இனி மலைக்கு வருவோம். இங்கேதான் சமவெளிக் கணக்கு மாறுகிறது.

மலையடிவாரத்து வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,700 கிலோ எடையுள்ள ஒரு காரை 1,800 மீட்டர் மேலே தூக்க எட்டேகால் யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். இது வெறும் இயற்பியல். எந்த கம்பெனி காராக இருந்தாலும் தப்ப முடியாது. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் பத்து யூனிட் என்று வைக்கலாம். சக்கரம் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஆகும் ஐந்தாறு யூனிட் இதற்கு மேல். ஆக, மலைப்பாதைக்கு மட்டும் பதினைந்து பதினாறு யூனிட் போய்விடும். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை சமவெளியில் ஆகும் எட்டு ஒன்பதையும் கூட்டினால் 25 யூனிட். 40.5 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸான் வீட்டில் முழுதாக சார்ஜ் ஏறிக் கிளம்பினால் இடையில் நிற்காமல் மேலே வந்துவிடும். 24 யூனிட் பேட்டரி கொண்ட டியாகோ எடை குறைந்ததுதான், ஆனாலும் அடிவாரத்தில் ஒருமுறை ஏற்றிக்கொண்டு வருவதே நிம்மதி.

இறங்கும்போது நடப்பது இன்னும் சுவாரஸ்யம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஏறக் கொடுத்ததில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பி வரும். கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் தாண்டி வத்தலக்குண்டு வந்து பார்த்தால் மேலே கிளம்பியபோது இருந்த அதே சதவீதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சில கார்களில் ஒன்றிரண்டு கூடியும் இருக்கும். ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மேலே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை, பிரேக்தான் சூடாகும். காசு கொடுத்து ஏற்றியதால், இலவசமாக வந்திருக்கக்கூடியதை இழக்கிறோம்.

ஆகவே மலை உச்சியில் நீங்கள் விலைக்கு வாங்க வேண்டிய யூனிட் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மதுரைக் குடும்பம் ஒன்று நெக்ஸானில் வந்து திரும்ப, பொதுச் சார்ஜரில் பத்துப் பதினைந்து யூனிட் ஏற்றினால் போதும். 15 யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் தள்ளுபடி 60 ரூபாய். அதற்காக 199 கட்டுவது, ஞாயிறு மட்டும் சாப்பிட மெஸ்ஸில் மாத டோக்கன் வாங்குவது போல. மாதம் நான்கு முறை மலையேறும் ஆளாக இருந்தால் யோசிக்கலாம்.

தங்கும் இடத்தில் கரண்ட் கிடைத்தால் அந்தப் பதினைந்தும் வேண்டாம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் ஏறும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஆறுக்குள் 25 யூனிட்டுக்குப் பக்கம். வட்டக்கானலின் சிக்கல் வேறு. காரைச் சாலையோரம் விட்டுவிட்டுப் படி இறங்கிப் போகவேண்டிய வீடுகள் இங்கே நிறைய. பிளக் இருக்கும், கார் எட்டாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு ஒயரை இழுப்பது மழைக்காற்று அடிக்கும் ஊரில் செய்யக்கூடாத வேலை. எர்த் சரியில்லாவிட்டால் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். மரம் விழுந்து மின்சாரம் போவதும் மலையில் புதிதல்ல. அறை பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: கார் வாசல்வரை வருமா, 15 ஆம்பியர் பாயிண்ட் உண்டா, எர்த் சோதித்திருக்கிறீர்களா? சந்தாவைவிட இந்த மூன்று பதில்கள் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

கொடைக்கானலிலோ வட்டக்கானலிலோ குடியிருப்பவர் என்றால், வீட்டு வாசலில் கார் நிற்குமானால், சந்தா வேண்டவே வேண்டாம். வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். கார் வந்தபின் 500 யூனிட்டைத் தாண்டுவது சாதாரணம், தாண்டினால் கீழ்ப்படிகளின் மலிவு விலையும் கொஞ்சம் கைவிட்டுப் போகும். அப்படியும் மிக உயர்ந்த படியில்கூட யூனிட் 12 ரூபாய் அளவில்தான் நிற்கிறது. வழியோர வேகச் சார்ஜரில் தள்ளுபடி போகவும் அந்த விலைக்குக் கிடைப்பது அரிது.

யாருக்குத்தான் லாபம்? டாக்சி ஓட்டுபவருக்கு. பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து கொண்ட வண்டி, கொடைக்கானலிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கும் கொடை ரோடு ரயில் நிலையத்துக்கும் மாதம் பதினைந்து நடை போகிறது, நடைக்கு 20 யூனிட் வழியில் ஏற்றுகிறது என்றால், 300 யூனிட். அதே 4 ரூபாய் தள்ளுபடியில் 1,200 ரூபாய். சந்தா போக ஆயிரம் கையில். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பார்க்கிங்கில் பிளக் போட உரிமையாளர் சம்மதிக்காத நகரவாசிக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் எலக்ட்ரிஃபை அமெரிக்கா நிறுவனத்தின் பாஸ் பிளஸ் திட்டம் மாதம் 7 டாலருக்கு ஏறத்தாழ கால் பங்கு தள்ளுபடி தருகிறது. அங்கும் அதனால் பயன் பெறுபவர் அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்தான், கராஜில் சார்ஜர் வைத்திருப்பவர் அல்ல.

மாதச் சந்தா தவிர வேறு உருவங்களும் உண்டு. வாலட்டில் ஆயிரம் போட்டால் கூடுதலாக நூறு என்பது ஒன்று. அதில் காலாவதித் தேதியும், மீதியைத் திருப்பித் தருவார்களா என்பதும் முக்கியம். மொத்த யூனிட்டை முன்கூட்டியே விற்பது இன்னொன்று. பெரிய சந்தா, பேட்டரியையே வாடகைக்கு விடுவது. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது, பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும் என்றார்கள். வித்தியாசத்தை வகுத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். அதற்குள் விற்றுவிடுபவருக்கு வாடகை மோசமில்லை. பத்து வருடம் ஓட்டுபவருக்கு முழு விலையே மேல். சார்ஜ் ஏற்றும் செலவு இந்த வாடகையில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

சந்தா விலையைக் குறைக்கும், வரிசையைக் குறைக்காது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்தது. அந்த ஆறாயிரத்தில் ஒரு சிறு பங்கு மின்சார கார் என்றாலும் வழியிலுள்ள சில சார்ஜர்களுக்கு அது கூட்டம்தான். உங்கள் சந்தா இருக்கும் சார்ஜரில் இரண்டு வண்டி காத்திருந்தால் பக்கத்து நிறுவனத்தில் முழு விலை கொடுத்து ஏற்றிக்கொண்டு கிளம்புவீர்கள். அதனால் ஆப்கள் மூன்றை ஏற்றிக் கொஞ்சம் பணம் போட்டு வைப்பது, ஒன்றில் சந்தா கட்டுவதைவிடப் பயணத்துக்கு உதவும்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்தால், கட்டுங்கள். ஊகத்தில் வேண்டாம், ஆப்பில் கடந்த மூன்று மாத பில்லைத் திறந்து, அந்த நிறுவனத்தில் ஏற்றிய யூனிட்டைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு. ஆண்டுத் திட்டத்தைத் தொடாமல் மாதத் திட்டத்தில் தொடங்குங்கள். தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கமாட்டார்கள். ஆனால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் தகவல் வந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மலைக்குப் போகாத மாதத்தில் அந்தத் தகவல் வந்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல், அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.